இங்கிலாந்தில் சிறு கோரிக்கை வழக்கு: எந்த வாசலில் எவ்வளவு காசு, எங்கே மிச்சம் பிடிக்கலாம்

போன மாரிகாலத்தில் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் ஒரு பொலித்தீன் பையைக் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தார். பற்றுச்சீட்டுகள், கசங்கிய ஒரு விலைக்குறிப்பு, வங்கிக் கணக்கறிக்கையில் மஞ்சள் மையால் கோடிட்ட இரண்டு வரிகள். குளியலறையைத் திருத்தித் தருகிறேன் என்று 4,900 பவுண் வாங்கியவர் பழைய தொட்டியைக் கழற்றி எறிந்ததோடு சரி, அதன்பிறகு ஆளைக் காணவில்லை.

"தம்பி, போன காசு போகட்டும். இதுக்கு வழக்குப் போட இன்னும் எவ்வளவு அழவேணும்? அதை மட்டும் சொல்லும்."

அக்காவின் கேள்வி சரியான கேள்வி. இந்த நாட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் பலர் நீதிமன்றம் என்றதும் சட்டத்தரணியின் கட்டணத்தை நினைத்துப் பயந்து, வரவேண்டிய காசைக் கைகழுவி விடுகிறார்கள். வேறு சிலர் ஆத்திரத்தில் எதையும் கணக்குப் பார்க்காமல் வழக்குப் போட்டுவிட்டு, இடைநடுவில் அடுத்த கட்டணக் கடிதம் வரும்போது திகைத்து நிற்கிறார்கள். இரண்டுமே தேவையில்லாத இழப்பு. சிறு கோரிக்கை வழக்கில், அதாவது சாதாரணமாக 10,000 பவுண் வரையான காசுக்குப் போடும் வழக்கில், காசு ஒரேயடியாகப் போவதில்லை. மூன்று வாசல்களில் போகிறது: வழக்கைப் பதியும்போது ஒன்று, விசாரணைக்கு முன்னர் ஒன்று, தீர்ப்பு வந்தபின் எதிராளி கொடுக்காவிட்டால் இன்னொன்று. ஒவ்வொரு வாசலிலும் நின்று, உள்ளே போவதா இல்லையா என்று திரும்பவும் கணக்குப் பார்க்கலாம். இதைத் தெரிந்துகொண்டாலே பாதிப் பயம் போய்விடும்.

கீழே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை. ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் நடைமுறை வேறு, கட்டணமும் வேறு. கட்டணங்களை அரசாங்கம் இடைக்கிடை மாற்றும். காசு கட்டுகிற அன்று கவ் டொட் யூகே என்ற அரசாங்கத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில்: இது நீதிமன்றத்துக்குப் போகவேண்டிய விஷயமா?

காசை மிச்சம் பிடிக்கும் மிகப் பெரிய இடம் இதுதான். ஆனால் பலர் ஒரு நிமிடம்கூட இங்கே நிற்பதில்லை.

வாடகை வீட்டின் வைப்புப்பணத்தில் வீட்டுக்காரர் அநியாயமாகப் பிடித்துக்கொண்டார் என்றால், அந்தப் பணம் எந்தப் பாதுகாப்புத் திட்டத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அந்தத் திட்டங்களிலேயே பிணக்கைத் தீர்க்கும் சேவை இலவசமாக இருக்கிறது. வங்கி, காப்புறுதி, கடனட்டை நிறுவனம் ஆகியவற்றோடு பிரச்சினை என்றால் நிதித்துறை ஒம்பட்ஸ்மன் இருக்கிறார், முறைப்பாடுகளைச் சுயாதீனமாக விசாரிப்பவர். முறைப்பாடு செய்பவருக்கு ஒரு சதமும் செலவில்லை. மின்சாரம், எரிவாயு நிறுவனங்களுக்கும் தனி ஒம்பட்ஸ்மன் உண்டு. நிறுவனத்திடம் முறைப்பாடு கொடுத்து 8 கிழமைகள் ஆகியும் தீராவிட்டால் அவரிடம் போகலாம்.

வேலை செய்த சம்பளம் வரவில்லை என்றால் அதற்கு வேலைத் தீர்ப்பாயம் இருக்கிறது. 2017இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பாயத்தின் கட்டணங்களைச் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்ததிலிருந்து அங்கே கட்டணமே கிடையாது. ஆனால் காலக்கெடு மிகக் குறுகியது, அதற்கு முன்னர் வேலைப் பிணக்குகளைச் சமரசமாகத் தீர்க்க உதவும் ஏகாஸ் அமைப்பிடம் அறிவிக்கவும் வேண்டும். சம்பளப் பாக்கியை ஆறு மாதம் "பார்ப்போம், பார்ப்போம்" என்று இழுத்தடிக்க விடாதீர்கள்.

கடனட்டையில் வாங்கியவர்களுக்கு இன்னொரு வழி. பொருளின் அல்லது சேவையின் விலை 100 பவுணுக்கு மேல், 30,000 பவுணுக்குள் என்றால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி கடைக்காரரைப் போலவே கடனட்டை நிறுவனமும் பொறுப்பு. கடையே மூடிவிட்டாலும் கேட்கலாம். முழுத்தொகையையும் கடனட்டையில் கட்டியிருக்கத் தேவையில்லை. முற்பணத்தை மட்டும் கட்டியிருந்தாலும் போதும். அக்கா வங்கிக் கணக்கிலிருந்து நேரே அனுப்பியிருந்தார். அதனால் இந்த வழி அவருக்கு அடைபட்டுவிட்டது. ஒரு கடனட்டைக் கொடுப்பனவு இருந்திருந்தால் இந்தக் கட்டுரையில் அக்காவே வந்திருக்கமாட்டார்.

எதிராளியிடம் காசு இருக்கிறதா?

வென்றால் கட்டிய கட்டணம் எதிராளியிடமிருந்து திரும்ப வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அவரிடம் கொடுக்க இருந்தால்தான் வரும். நீதிமன்றம் தீர்ப்புத் தரும், காசைத் தன் பெட்டியிலிருந்து எடுத்துத் தராது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, கையில் எதுவும் இல்லாத ஒருவர் மேல் வழக்குப் போடுவது அந்தக் கதைதான்.

எதிராளி கம்பனியாக இருந்தால் கம்பனிகள் பதிவகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். கம்பனி இன்னும் உயிரோடு இருக்கிறதா, கலைக்கப்படுகிறதா, கடைசியாகக் கணக்குகளை எப்போது சமர்ப்பித்தது எல்லாம் அங்கே தெரியும். தனியாள் என்றால், கடன் கட்டமுடியாமல் முறிவடைந்தோர் பதிவேட்டை இலவசமாகப் பார்க்கலாம். அவர் மேல் ஏற்கெனவே கட்டப்படாத தீர்ப்புகள் இருக்கின்றனவா என்று தீர்ப்புகள் பதிவேட்டில் ஒரு சிறு கட்டணம் கட்டித் தேடலாம். ஐந்தாறு தீர்ப்புகள் கட்டப்படாமல் கிடக்கின்றன என்றால் நீங்கள் ஏழாவது ஆளாக வரிசையில் நிற்கப் போகிறீர்கள். அந்த இடத்தில் நான் வழக்குப் போடமாட்டேன்.

இதே தேடலில் இன்னொரு வேலையும் முடியும்: எதிராளியின் சரியான பெயர். வான் வண்டியில் எழுதியிருக்கும் பெயர், வட்ஸ்அப்பில் இருக்கும் பெயர், பற்றுச்சீட்டில் இருக்கும் பெயர் மூன்றும் மூன்றாக இருக்கும். ஒப்பந்தம் செய்தது ஆளா, கம்பனியா என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பெயரைப் பிழையாக எழுதி வழக்கைப் பதிந்துவிட்டு, பின்னர் திருத்துவதற்கு நீதிமன்றத்தில் விண்ணப்பம் போட நேர்ந்தால், மறுதரப்பு இணங்காத விண்ணப்பத்துக்கு மட்டுமே 300 பவுணுக்கு மேல் போகும். பல சிறு வழக்குகளில் பதிவுக் கட்டணத்தைவிட அது கூட. அரை மணி நேரம் செலவழித்துப் பெயரைச் சரிபார்ப்பது எவ்வளவு மலிவு!

கடிதம்: ஒரு முத்திரைச் செலவு

வழக்குக்கு முன்னர் எதிராளிக்குக் கடிதம் எழுதியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் நீதிபதி உங்கள் பக்கம்தான் பிழை பார்ப்பார். எவ்வளவு காசு, எதற்காக, எந்தத் திகதிக்குள் தரவேண்டும், தராவிட்டால் வழக்குப் போடுவேன் என்று ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். சாதாரண விஷயத்துக்கு 14 நாள் அவகாசம் கொடுப்பது வழக்கம். நீங்கள் வியாபாரம் செய்பவராக இருந்து ஒரு தனியாளிடம் கடன் கேட்கிறீர்கள் என்றால் விதிகள் வேறு, 30 நாள் கொடுக்கவேண்டும்.

பதிவுத் தபாலில் அனுப்பினால் சிலர் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதல்தரத் தபாலில் அனுப்பி, தபாலகத்தில் அனுப்பியதற்கான அத்தாட்சிச் சீட்டைக் கேளுங்கள். அது இலவசம். அதே கடிதத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

கடிதத்தில் கோபத்தைக் கொட்டாதீர்கள். அக்கா முதலில் எழுதிய வரைவில் "கள்ளன்" என்ற சொல் நான்கு தரம் இருந்தது. நான்கையும் வெட்டினோம். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பின்னொரு நாள் நீதிபதி வாசிக்கப்போகும் கடிதம் அது. பதிலுக்கு, நீதிமன்றத் தீர்ப்பு வந்து ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் அது அவருடைய கடன் வரலாற்றில் 6 ஆண்டுகள் நிற்கும் என்ற உண்மையை ஒரு வரியில் சேர்த்தோம். வீட்டுக்கடன் எடுக்க நினைத்திருக்கும் எவருக்கும் அந்த வரி போதும். பல பிணக்குகள் இந்தக் கடிதத்தோடு தீர்ந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் வாசல்: பதிவுக் கட்டணம்

கடிதத்துக்குப் பதில் இல்லை. இனி வழக்கு. சாதாரணமாக 10,000 பவுண் வரையான பணக் கோரிக்கைகள் சிறு கோரிக்கைப் பிரிவில் வரும். ஒப்பந்தம் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு 6 ஆண்டுகளுக்குள் வழக்குப் பதியவேண்டும். கட்டணம் நீங்கள் கேட்கும் தொகையைப் பொறுத்தது:

300 பவுண் வரை: 35 பவுண்
300க்கு மேல் 500 வரை: 50
500க்கு மேல் 1,000 வரை: 70
1,000க்கு மேல் 1,500 வரை: 80
1,500க்கு மேல் 3,000 வரை: 115
3,000க்கு மேல் 5,000 வரை: 205
5,000க்கு மேல் 10,000 வரை: 455

இணையத்தில் பதிந்தால் மலிவு என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அது முன்பு. 2021இலிருந்து கடதாசியில் போட்டாலும் இணையத்தில் போட்டாலும் ஒரே கட்டணம். இருந்தாலும் இணையம்தான் வசதி. வட்டியையும் கட்டணத்தையும் அதுவே கணக்குப் போட்டுக் காட்டும்.

இந்தப் பட்டியலில் கடைசி இரண்டு வரிகளை இன்னொரு தரம் பாருங்கள். 5,000 பவுணுக்கு 205. அதற்கு மேல் ஒரு பென்னி ஏறினாலும் 455. ஒரு பென்னிக்கு 250 பவுண். இங்கேதான் அக்கா அநியாயமாகக் காசை விட்டிருப்பார்.

நடந்தது இது. அக்காவின் கோரிக்கை 4,900. அதற்கு ஆண்டுக்கு 8 வீதம் வட்டி கேட்கலாம். 1984ஆம் ஆண்டு மாவட்ட நீதிமன்றங்கள் சட்டத்தின் 69ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. 4,900க்கு 8 வீதம் என்றால் ஆண்டுக்கு 392 பவுண், நாளுக்கு ஏறத்தாழ 1 பவுண் 7 பென்னி. காசு கொடுத்து அப்போதைக்கு 150 நாள் ஆகியிருந்தது. வட்டி 161 பவுண் வந்தது. மொத்தம் 5,061. கட்டணத்தைக் கணக்கிடும்போது வட்டியையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். ஆக, 161 பவுண் வட்டியைக் கேட்பதற்காகக் கூடுதலாக 250 பவுண் கட்டணம் கட்டவேண்டும்!

"அப்ப வட்டியே வேண்டாம் தம்பி" என்றார் அக்கா. அதுவும் தேவையில்லை. வட்டி தொடங்கும் திகதியைப் பிந்திய ஒரு நாளுக்குத் தள்ளி, மொத்தத் தொகை 5,000ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டோம். கட்டணம் 205இல் நின்றது. நாங்கள் விட்டுக்கொடுத்தது ஏறத்தாழ 60 பவுண் வட்டி.

வென்றால் அந்த 455உம் திரும்ப வந்துவிடுமே என்று கேட்பீர்கள். வரலாம். ஆனால் இன்றைக்கு உங்கள் கையிலிருந்து போகும் காசு அது, தோற்றால் போனது போனதுதான். 300, 500, 1,000, 1,500, 3,000 எல்லைகளிலும் இதே கதைதான், தாவல்தான் சிறியது. உங்கள் தொகை எந்த எல்லையின் ஓரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். 3,040 பவுண் கேட்க நினைத்தால், அந்த 40இல் நிரூபிக்கக் கடினமான ஏதாவது இருக்கிறதா? இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஒரே கோரிக்கையை இரண்டாக வெட்டி இரண்டு வழக்காகப் போட்டால் கட்டணம் குறையும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரே ஒப்பந்தம், ஒரே காசு என்றால் ஒரே வழக்கு. வெட்டினால் இரண்டாவதை நீதிமன்றம் தள்ளிவிடக்கூடும்.

கட்டணம் கட்ட இயலாதவர்களுக்கு

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். எங்கள் ஆட்களில் நிறையப் பேருக்கு இந்த உதவி இருப்பதே தெரியாது. தெரிந்தவர்கள் சிலரும் பிச்சை கேட்பது போல நினைத்து வெட்கப்படுகிறார்கள். இது சட்டம் தந்த உரிமை.

வருமானமும் சேமிப்பும் குறைந்தவர்களுக்கு நீதிமன்றக் கட்டணத்தை முழுதாகவோ பகுதியாகவோ தள்ளுபடி செய்யும் திட்டம் இருக்கிறது. ஈஎக்ஸ் 160 என்ற படிவம், அல்லது இணையத்தில் விண்ணப்பம். முதலில் சேமிப்பைப் பார்ப்பார்கள்: சிறு கோரிக்கைக் கட்டணங்களுக்கு 4,250 பவுணுக்குள் இருக்கவேண்டும். 66 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அந்த எல்லை 16,000. பிறகு வருமானம்: தனியாள் என்றால் மாதம் 1,420 பவுண், துணையோடு வாழ்பவர் என்றால் இருவருக்கும் சேர்த்து 2,130. பிள்ளைகள் இருந்தால் எல்லை உயரும். 13 வயது வரையான பிள்ளைக்கு 425, 14 வயதும் அதற்கு மேலும் என்றால் 710. அதற்கு மேல் கொஞ்சம் உழைத்தாலும் கட்டணத்தில் ஒரு பகுதி குறையலாம். யுனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவிப்பணம் எடுப்பவர் ஆண்டுக்கு 6,000 பவுணுக்குள் உழைத்தால் வருமானச் சோதனையே இல்லாமல் தகுதி பெறுவார். முதியவர்களுக்கான உதவிப்பணமான பென்ஷன் கிரெடிட்டில் உத்தரவாதப் பகுதி எடுப்பவர்களும் அப்படியே.

இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு குறியீட்டு எண் தருவார்கள். வழக்கைப் பதியும்போது காசுக்குப் பதிலாக அந்த எண்ணைப் போடவேண்டும். ஆகவே வழக்குக்கு முன்னர் இதைச் செய்யுங்கள். தெரியாமல் கட்டிவிட்டீர்கள் என்றால், கட்டி 3 மாதத்துக்குள் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். ஒவ்வொரு கட்டணத்துக்கும் தனித்தனியாக விண்ணப்பம் வேண்டும். பதிவுக் கட்டணத்துக்குக் கிடைத்துவிட்டது என்று விசாரணைக் கட்டணத்தை மறந்துவிடாதீர்கள். கம்பனிகளுக்கு இந்த உதவி இல்லை. சொந்தப் பெயரில் சிறுதொழில் செய்பவர் விண்ணப்பிக்கலாம்.

பதில் வரும்வரை

எதிராளிக்கு வழக்கு சேர்ப்பிக்கப்பட்டதிலிருந்து 14 நாள். கூடுதல் அவகாசம் கேட்டால் 28 நாள். அதற்குள் பதிலே வராவிட்டால் விசாரணை இல்லாமலே தீர்ப்புக் கேட்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. கெடு முடிந்ததும் கேளுங்கள். நீங்கள் கேட்பதற்குள் அவர் பிந்தியாவது பதில் போட்டுவிட்டால் அந்த வாய்ப்புப் போய்விடும். நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

பதில் போட்டு மறுத்தால் அடுத்ததாக ஒரு வினாக்கொத்து வரும். எந்த நீதிமன்றம் வசதி, எந்த நாட்கள் வரமுடியாது, எத்தனை சாட்சிகள், மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்பார்கள். தமிழில்தான் தெளிவாகப் பேசமுடியும் என்றால் அங்கேயே எழுதுங்கள். விசாரணை நாளன்று போய்ச் சொன்னால் ஒத்திவைத்துவிடுவார்கள். இன்னொரு நாள் சம்பளம், இன்னொரு பயணச் செலவு.

மத்தியஸ்தம்: காசில்லாத ஒரு மணி நேரம்

2024 மே 22 முதல் 10,000 பவுணுக்குட்பட்ட பணக் கோரிக்கைகளில் மத்தியஸ்தம் கட்டாயமாகிவிட்டது. நீதிமன்றத்தின் சொந்த மத்தியஸ்தர், தொலைபேசியில், ஒரு மணி நேரம் வரை, இலவசமாக. நீங்களும் எதிராளியும் நேரடியாகப் பேசுவதில்லை. மத்தியஸ்தர் உங்களிடம் பேசுவார், பிறகு அவரிடம் பேசுவார், திரும்ப உங்களிடம் வருவார். ஊரில் மத்தியஸ்த சபைக்குப் போனவர்களுக்கு விஷயம் புதிதல்ல. ஒரே அறையில் முகம் பார்க்கும் சங்கடம்தான் இங்கே இல்லை. தொலைபேசியை எடுக்காமல் விட்டால் நீதிபதி தண்டம் விதிக்கலாம், வழக்கையே தள்ளிவிடவும் முடியும். ஆகவே அந்த நேரத்துக்கு வேலையிடத்தில் அமைதியான ஒரு மூலையை ஒழுங்குபண்ணிக்கொள்ளுங்கள்.

காசைப் பொறுத்தவரையில் இதுதான் முழு வழக்கிலும் முக்கியமான ஒரு மணி நேரம். ஏனென்றால் இரண்டாவது வாசல் இதற்கு அடுத்ததாக நிற்கிறது. இங்கே தீர்ந்தால் அந்த வாசலுக்குள் போகவே தேவையில்லை.

போவதற்கு முன்னர் ஒரு கடதாசியில் மூன்று எண்களை எழுதுங்கள். கேட்கும் முழுத்தொகையும் கட்டிய கட்டணமும் சேர்த்து ஒன்று. இதற்குக் கீழே இறங்கமாட்டேன் என்பது இரண்டு. விசாரணைக்குப் போனால் இன்னும் கட்டவேண்டியது மூன்று. அக்காவின் கடதாசியில் 5,205, 4,500, 346 என்று இருந்தது.

மத்தியஸ்தர் முதலில் கொண்டுவந்தது 3,000. அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டவில்லை, அது அவருடைய காசு, அவருடைய முடிவு. "முழுசாத் தரவேணும்" என்றார். இருபது நிமிடம் போனது. 4,000 வந்தது. பிறகு 4,700, இரண்டு தவணையில். அக்கா கடதாசியைத் திருப்பிப் பார்த்தார். வென்றால் கூடுதலாக ஐந்நூறு வரும். அதற்காக 346 கட்டி, இன்னும் பல மாதம் காத்திருந்து, ஒரு நாள் வேலையை விட்டுப் போய், நீதிபதி என்ன சொல்வாரோ என்று நெஞ்சிடியோடு இருக்கவேண்டும். "சரி, எழுதச் சொல்லுங்கோ" என்றார்.

அங்கே ஒத்துக்கொள்வது சட்டப்படி இருவரையும் கட்டுப்படுத்தும். ஆகவே தொகை, திகதி, எந்த வங்கிக் கணக்கு, ஒரு தவணை தவறினால் என்ன என்ற நான்கும் தெளிவாக இருக்கவேண்டும். தவறினால் முழுப் பாக்கியும் உடனே கட்டவேண்டும் என்ற வரியைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாம் வாசல்: விசாரணைக் கட்டணம்

மத்தியஸ்தம் சரிவராவிட்டால் விசாரணைக்கு நாள் குறிப்பார்கள். அதற்கு வழக்காளி தனியாகக் கட்டவேண்டும்: 300 பவுண் வரையான கோரிக்கைக்கு 27, 500 வரை 59, 1,000 வரை 85, 1,500 வரை 123, 3,000 வரை 181, அதற்கு மேல் 346. ஆக 3,000 பவுண் கோரிக்கைக்கு இரண்டு கட்டணமும் சேர்ந்து 296. ஒரு பென்னி கூடினால் 551. முன்னர் சொன்ன எல்லைக் கணக்கு இங்கே இரட்டிப்பாகிறது.

அறிவித்தலில் கட்டவேண்டிய கடைசித் திகதி இருக்கும். அதைத் தவறவிட்டால் வழக்கு தானாகவே தள்ளுபடியாகிவிடும். வேலைப்பளுவில் கடிதத்தைத் திறக்காமல் வைத்து இப்படி நல்ல வழக்கை இழந்தவர்களை எனக்குத் தெரியும். மறுபக்கத்தில், எதிராளியோடு பேச்சு நடந்துகொண்டிருந்தால் அந்தத் திகதிக்கு முன்னர் முடிக்கப் பாருங்கள். கட்டியபிறகு சமரசமானால் அந்தக் காசு திரும்பி வராது.

விசாரணைக்குச் சட்டத்தரணி தேவையா? என் எண்ணத்தில், சிறு கோரிக்கையில் பெரும்பாலும் தேவையில்லை. காரணம் எளிது: வென்றாலும் அவருடைய கட்டணத்தை எதிராளியிடமிருந்து பெறமுடியாது, ஒரு சிறு நிர்ணயத் தொகையைத் தவிர. 2,000 பவுண் வழக்குக்கு 1,200 பவுண் சட்டத்தரணி என்றால் மிஞ்சுவது என்ன? இதுவே உங்களுக்குப் பாதுகாப்பும்கூட. நீங்கள் தோற்றாலும் எதிராளியின் சட்டத்தரணிச் செலவு உங்கள் தலையில் பொதுவாக விழாது, நியாயமற்ற முறையில் நடந்துகொண்டாலொழிய. பொய் சொல்வது, நீதிமன்றம் கேட்டதைச் செய்யாமல் இழுத்தடிப்பது இதில் அடங்கும்.

தனியாகப் பேசப் பயமென்றால், நீங்களும் கூட இருக்கும்போது உங்களுக்காகப் பேச ஒரு நண்பரையோ உறவினரையோ கொண்டுபோகலாம். 1999ஆம் ஆண்டிலிருந்து இதற்குச் சட்டத்தில் இடமுண்டு. ஆங்கிலம் சரளமாகப் பேசும் மகளோ மருமகனோ போதும். சிற்றிசன்ஸ் அட்வைஸ் என்ற தொண்டு நிறுவனமும் உள்ளூர்ச் சட்ட மையங்களும் இலவச ஆலோசனை தருகின்றன. முழு வழக்கையும் ஒப்படைக்காமல் ஒரு சட்டத்தரணியிடம் அரை மணி நேரம் மட்டும் காசு கட்டிக் கேட்பதும் நல்ல வழி, முக்கியமாக வழக்குப் போடுவதற்கு முன்னர்.

வென்றால் பதிவுக் கட்டணம், விசாரணைக் கட்டணம், நியாயமான பயணச் செலவு, வேலையிழந்த நாளுக்கு ஒருவருக்கு 95 பவுண் வரை கிடைக்கலாம். ரயில் சீட்டு, வாகனத் தரிப்பிடச் சீட்டு, சம்பளம் வெட்டப்பட்டதற்கு வேலைத்தலக் கடிதம் எல்லாவற்றையும் அன்று கையில் வைத்திருங்கள். கேட்காதவருக்கு நீதிபதி தானாகக் கணக்குப் பார்த்துத் தரமாட்டார்.

நிபுணர் அறிக்கையில் அவசரப்படாதீர்கள். நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் எடுத்தால் பயன்படுத்த முடியாது. அனுமதியோடு எடுத்தாலும் 750 பவுணுக்கு மேல் திரும்பக் கிடைக்காது. பல வழக்குகளில் திகதியோடு எடுத்த படங்களும், மிச்ச வேலையைச் செய்ய இன்னொரு தொழிலாளி எழுதிக்கொடுத்த விலைக்குறிப்பும் போதும்.

மூன்றாம் வாசல்: தீர்ப்பைக் காசாக்குவது

தீர்ப்பு வந்தும் கட்டாதவர் உண்டு. அப்போது நீதிமன்றம் தானாக எதுவும் செய்யாது. நீங்கள்தான் ஒரு வழியைத் தேர்ந்தெடுத்துக் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கவேண்டும். சம்பளத்துக்கு வேலை செய்பவர் என்றால் சம்பளத்தில் வெட்டும் கட்டளை. சொந்தத் தொழில் செய்பவருக்கு அது சரிவராது. வங்கியில் காசு இருக்கிறது, எந்த வங்கி என்றும் தெரியும் என்றால் அந்தக் கணக்கை முடக்கும் கட்டளை. உங்கள் பழைய கொடுப்பனவு போன கணக்கு விபரம் இங்கே கைகொடுக்கும். சொந்த வீடு இருந்தால் உங்கள் காசுக்குப் பிணையாக அந்த வீட்டின்மேல் பொறுப்பு எழுதலாம். காசு மெதுவாக வரும், ஆனால் வீட்டை விற்கும்போது வரும். பொருட்களைப் பறிமுதல் செய்யும் அதிகாரிகளை அனுப்புவது இன்னொன்று.

ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் முயன்று பார்ப்பதுதான் மிகச் செலவான வழி. எதிராளியிடம் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால், அவரை நீதிமன்றத்துக்கு அழைத்துச் சத்தியத்தின் பேரில் வருமானம், சொத்து, வங்கி விபரங்களைக் கேட்கும் கட்டளைக்கு முதலில் விண்ணப்பியுங்கள். அதற்கும் கட்டணம் உண்டு. ஆனால் குருட்டுத்தனமாக இரண்டு தரம் கட்டுவதைவிட அது மலிவு. இங்கே கட்டும் கட்டணங்கள் எதிராளியின் கடனோடு சேர்க்கப்படும். ஆனால் முதலில் கொடுப்பது நீங்கள்.

அக்காவுக்கு இந்த வாசல் தேவைப்படவில்லை. முதல் தவணை சொன்ன நாளில் வந்தது. இரண்டாவது இரண்டு நாள் பிந்தியது. அந்த இரண்டு நாளும் எனக்கு நாலைந்து தரம் அழைப்பு. மூன்றாம் நாள் இரவு பதினொரு மணிக்கு வங்கிச் செயலியின் படமொன்று வட்ஸ்அப்பில் வந்தது, கீழே ஒரு வரியோடு: "தம்பி, வந்திட்டுது. இனி நித்திரை கொள்ளும்."